முதுகெலும்பில் டிபி: ஆபரேஷனா, மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. இடுப்புப் பக்கம் எல்3-எல்4 எலும்புகளில் டிபி என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. கால் பலம் நன்றாக இருக்கிறது, நடக்கிறார். ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் மாத்திரையே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவது டாக்டர் பக்கம் சாய்வேன். நான் டாக்டர் இல்லை. மதுரையில் எலும்பு வார்டில் பிசியோதெரபி செய்கிறவன். ஆபரேஷன் ஆனவர்களையும் ஆகாதவர்களையும் எழுப்பி நடக்கவைப்பதுதான் என் வேலை என்பதால், இரண்டு தரப்பையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. டிபி கிருமியைக் கொல்வது மாத்திரைதான். ஆபரேஷன் செய்துகொண்டவரும் அதே மாத்திரையை அதே மாதக்கணக்கில் சாப்பிட்டே ஆக வேண்டும். போடி பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலையில் கூட்டி வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து கால் தெம்பு வந்ததும், "அதான் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டாங்களே தம்பி, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை வார்டில் கேட்காத மாதமே இல்லை. சீழையும் செத்த எலும்பையும் எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கத்தியால் எடுக்க முடியாது.

அப்படியானால் ஆபரேஷன் எதற்கு? தண்டுவடம் நசுங்கிக் கால் பலம் குறைந்துகொண்டே போனால், சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், எலும்பு கரைந்து முதுகு நிலைகுலைந்தால், கூன் வேகமாக விழுந்தால், மருந்து சாப்பிட்டும் நோய் அடங்காவிட்டால். ஊசி வழியாகச் சதை எடுத்தும் என்ன நோய் என்று தெரியாதபோதும் திறந்து பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை.

இந்த விவாதம் ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது, அதன் முக்கியமான கட்டம் நம் சென்னையில்தான். 1956-ல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரு டாக்டர்கள் முன்பக்கமாகத் திறந்து, நோய்ப்பட்ட எலும்பை முழுக்கச் செதுக்கி எடுத்து, விலா எலும்பு போன்றவற்றை அங்கே ஒட்டுப்போடும் முறையை வெளியிட்டார்கள். பலன் பிரமாதம். ஆனால் அந்த மாதிரி ஆபரேஷனுக்கு வசதி எத்தனை ஊரில் இருந்தது? அதனால் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. கொரியாவில் மாசான் நகரில் மாதக்கணக்கில் படுக்கையில் வைத்தவர்களையும் நடமாட விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. பூசானில் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டுப் பார்த்தார்கள், அதிலும் கூடுதல் பலன் இல்லை. (இன்றும் "ஆறு மாதம் எழுந்திருக்கவே கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லி, நோயாளி தொடைச் சதை கரைந்த நிலையில் என்னிடம் வருகிறார்!)

சென்னை ஆய்வு 1970-களில் தொடங்கியது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் இதில் முக்கியப் பங்கு வகித்தது. ஒரு குழுவுக்கு ஹாங்காங் முறை ஆபரேஷனும் 6 மாத மாத்திரையும். மற்ற இரு குழுக்களுக்கு வெளிநோயாளிகளாகவே மாத்திரை மட்டும், ஒன்றுக்கு 6 மாதம், இன்னொன்றுக்கு 9 மாதம். மருந்து ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுதான். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள், ஆபரேஷன் குழுவில் 90 சதவீதம், 6 மாத மாத்திரைக் குழுவில் 94, 9 மாதக் குழுவில் 99.

இதைக் காட்டி "ஆபரேஷனே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கால் செயலிழந்தவர்களை அந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. தவிர, நோய் ஆறுவது வேறு, முதுகு நேராக ஆறுவது வேறு. மாத்திரையில் மட்டும் குணமானவர்களுக்குச் சராசரியாக 15 டிகிரி அளவுக்குக் கூன் கூடுகிறது. சிலருக்கு 60 டிகிரியைத் தாண்டுகிறது. வளரும் குழந்தைகளிடம் இது இன்னும் பெரிய பிரச்சினை, ஏனென்றால் நோய் போன பிறகும் வளர வளரக் கூன் கூடலாம். எந்தக் குழந்தையின் முதுகு அப்படிக் கவிழும் என்பதை எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்க நான்கு அடையாளங்களை வகுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன். கேள்வி உங்கள் குழந்தையைப் பற்றியதாக இருந்திருந்தால் என் பதில் இவ்வளவு தைரியமாக இருந்திருக்காது. அப்பாவுக்கு இடுப்புப் பகுதி என்பதும் ஒரு சாதகம். அங்கே எலும்பு பெரியது, இயல்பான வளைவும் உள்நோக்கியது, நெஞ்சுப் பகுதியைப்போல் சட்டென்று கூன் தெரியாது.

பயாப்ஸி எடுத்த பிறகு பேசுகிறீர்கள் என்பது பெரிய நிம்மதி. ஸ்கேனைப் பார்த்தே டிபி மாத்திரை ஆரம்பித்து, பிறகு அது ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சாதாரணச் சீழ்க்கிருமி என்று தெரியவந்த கதைகள் உண்டு. சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்களிடம் இது அதிகம். அதற்கு வைத்தியமே வேறு. ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்தக் கிருமி என்று பார்த்து, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் பொதுவாக ஆறு வாரம். பிரான்சில் ஆறு வாரத்தையும் பன்னிரண்டு வாரத்தையும் ஒப்பிட்டு, ஆறே போதும் என்று 2015-ல் வெளியிட்டார்கள். அந்த வகையிலும் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. ஆனால் தண்டுவடத்தை ஒட்டிச் சீழ் கட்டிக் கால் விழ ஆரம்பித்தால் நாள் கணக்கு பார்க்க நேரமில்லை, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும்.

இனி நடைமுறை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி முதுகெலும்பு டிபிக்குக் குறைந்தது 12 மாத மருந்து, தேவைப்பட்டால் 18 வரை. அரசு மருத்துவமனையில் இலவசம். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் பதிவு செய்தால் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும் (2024 நவம்பருக்கு முன் 500 ரூபாய்). சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின். பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இடுப்பு டிபியில் சிலருக்குச் சீழ் சோயாஸ் தசைக்குள் (முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகும் தசை) இறங்கி, காலை நீட்டினால் வலிக்கும். அதைப் பெரும்பாலும் ஸ்கேன் பார்த்து ஊசியால் வடித்துவிடலாம். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் எடுக்கும் எம்ஆர்ஐ முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியலாம், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வலி குறைகிறதா, பசி எடுக்கிறதா, எடை ஏறுகிறதா, இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்குகிறதா என்று பாருங்கள். தினமும் குதிகாலில் நான்கு அடி, முன்பாதத்தில் நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

ஸ்க்ரூ வைக்கச் சொன்ன டாக்டரை விட்டுவிடவும் வேண்டாம். ஸ்கேனை எடுத்துக்கொண்டு போய், "எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, முதுகு நிலையாக இருக்கிறதா, ஒரு மாதம் மருந்து கொடுத்துப் பார்த்தால் எதை இழப்போம்?" என்று கேளுங்கள். அவர் உங்கள் எழுத்தில் இல்லாத ஏதோ ஒன்றை ஸ்கேனில் பார்த்திருக்கலாம். எலும்பு பாதிக்குமேல் உருக்குலைந்து ஒரு பக்கமாகச் சரிகிறது என்று அவர் காட்டினால், மேலே நான் சாய்ந்த பக்கத்தை மாற்றிக்கொள்வேன்.