கிணற்றில் குமிழி: எண்ணெய் இருக்கிறதா?

கேள்வி: வாவிக்கரையில் உள்ள எங்கள் வளவில் குழாய்க்கிணறு அடித்தபோது கறுத்த சேற்றோடு குமிழிகள் வந்தன. நெருப்புக் காட்டினால் பற்றுகிறது. சிறிய கம்பனி ஒன்று வந்து எண்ணெய் தேடிப் பார்க்கலாமா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில், இனி நெருப்புக் காட்டாதீர்கள். குமிழியில் வரும் எரிவாயு பெரும்பாலும் மெதேன்; காற்றில் அது 5 முதல் 15 வீதம் கலந்திருந்தாலே நெருப்புப் பட்டால் வெடிக்கும். குழாயின் வாயை மூடி அடைக்காமல், கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய் போல ஒன்றைப் பொருத்துங்கள். நீரைத் திறந்த தொட்டியில் தெளித்து விழவிட்டால் வாயு பிரிந்துவிடும். கூழ்முட்டை நாற்றம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு. அப்படியான கிணற்றுக்குள் ஆளை இறக்கவே கூடாது.

எண்ணெய் உருவாக, உயிர்ச்சத்து நிறைந்த படிவுப்பாறை பல மில்லியன் ஆண்டுகள் ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியசு வெப்பத்தில் கிடக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 2 முதல் 4 கிலோமீற்றர் ஆழம் தேவை. மட்டக்களப்பிலோ கரையோர மணலுக்கும் சேற்றுக்கும் கீழே கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழைய நைஸ் பாறைதான்; அதில் எண்ணெய் உருவாகாது. உங்கள் வாயு, புதைந்த கண்டல் இலைகளும் சேறும் அழுகியதால் வந்ததாகவே இருக்கும். ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யலாம்: எண்ணெயோடு வழக்கமாக வரும் எதேன், புரொப்பேன் வாயுக்கள் ஏறக்குறைய இல்லாமல் மெதேன் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சேற்று வாயுதான்.

தரையில் தேடும் கம்பனி முதலில் ஈர்ப்பு அளவீடும் (புவியீர்ப்பின் சிறு மாற்றங்களை அளப்பது), பிறகு நில அதிர்வு அளவீடும் (நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எதிரொலியை அளப்பது) செய்து, படிவின் தடிப்பைப் பார்த்த பின்பே துளையிடும். இங்கே முதற்படியிலேயே நின்றுவிடுவார்கள். தடித்த படிவுள்ள மன்னார்ப் பக்கத்திலேயே, 1970களில் பேசாலையில் துளையிட்டும் வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் எரிவாயு கண்டதும் மன்னார்க் கடலடியில்தான். ஆகவே எண்ணெய் ஆசை காட்டி யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.