சிசியை மட்டும் பார்த்து வகுப்புப் பிரிக்காதீர்கள்

வேகன் ஆர், விட்ஸ், பழைய சிவிக் எல்லாம் கலந்து வருகிற சின்ன ஓட்டப் போட்டியில் எப்படி வகுப்புப் பிரித்தால் சண்டை வராது என்று கேட்டிருக்கிறீர்கள். சண்டை வரத்தான் செய்யும், அதைக் குறைக்கலாம். நீங்கள் நாலைந்து பொடியள் சேர்ந்து கைக்காசில் ஒழுங்குபடுத்துகிறீர்கள், கார்களைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைப் பிடிக்கலாம், அதற்கு மேல் வசதி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓடுவது மூடிய தடத்தில் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஏ9 வீதியில் இரவில் ஓடுகிற கூட்டம் என்றால் இந்தப் பதில் உங்களுக்கில்லை.

நான் கொக்குவிலில் கராஜ் வைத்திருப்பவன். மச்சானுடைய ரொயோட்டா ஸ்டார்லெட்டை, ஈபி82 மொடல், தெற்கில் நடந்த ஒரு ஓட்டத்துக்கு நான்தான் தயார் பண்ணிக் கொடுத்தேன். பின் சீற், ஸ்பேர் ரயர், கதவு அட்டை எல்லாம் கழற்றி, பிரேக் முழுக்கப் புதிதாகப் போட்டு, நல்ல வடிவாகத்தான் கொண்டுபோனோம். வகுப்பு "1400 சிசி வரை", சிசி என்றால் எஞ்சினின் கொள்ளளவு. பக்கத்தில் இன்னொரு ஈபி82 வந்து நின்றது, அதே 1331 சிசி, பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் நேர் ஓட்டத்திலேயே அது எங்களை விட்டுவிட்டுப் போனது. வளைவுக்கு அவர் அக்சிலரேற்றரை விட்டதும் "ச்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்ததே, அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. முடிந்த பிறகு பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் உள்ளே ஜிடி என்கிற வேகமான ஸ்டார்லெட்டின் டேர்போ எஞ்சின், அதாவது காற்றை அமுக்கி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டுகிற எஞ்சின். ஜிடியில் அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்ரர்கூலர் எஞ்சினுக்கு மேலே இருக்கும், அதற்குக் காற்றுப் போக பொனற்றில் ஒரு வாய் இருக்கும், அதைப் பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இவர் இன்ரர்கூலரை முன் பம்பருக்குப் பின்னால் இறக்கிவிட்டு, சாதாரண பொனற்றைப் போட்டு மூடியிருந்தார். அந்த எஞ்சின் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே 135 குதிரைவலு. எங்களுடையது புதிதாக இருந்த காலத்திலேயே 100ஐத் தாண்டாது.

போய்ச் சொன்னால், பரிசோதித்தவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து 1331 என்ற எண்ணைக் காட்டினார். விதியில் டேர்போ பற்றி ஒரு வரியும் இல்லை, எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் முதலில் காசு கட்டுங்கள் என்றார். அவ்வளவுதான் கதை.

தோற்ற கோபத்தில் எழுதுகிறான் என்பீர்கள். சரி, தோற்றது உண்மைதான். ஆனால் அந்த ஆளைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை, விதியில் தடுக்காத ஒன்றைத்தான் அவர் செய்தார். எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் இது புதிய பிரச்சினை இல்லை. உலக மோட்டார் ஓட்ட அமைப்பான எஃப்ஐஏயின் விதிகளில் டேர்போ எஞ்சினின் சிசியை 1.7ஆல் பெருக்கித்தான் வகுப்புப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் 1331 சிசி ஏறக்குறைய 2263 ஆகிவிடும், அவர் எங்கள் பக்கமே வந்திருக்க முடியாது.

அந்தப் பெருக்கலும் போதாது என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40ஐ எடுங்கள். 1200 சிசி, ஆனால் சக்தி 40 குதிரைவலுச் சொச்சம், எடை ஒரு டன்னுக்குக் கிட்ட. டேர்போ பூட்டிய ஸ்ரிங்ரே வேகன் ஆர் 660 சிசிதான், ஆனால் 64 குதிரைவலு, எடையும் குறைவு. சிசியைப் பார்த்தால், 1.7ஆல் பெருக்கினாலும், ஏ40தான் பெரிய வகுப்பு. சிரிப்பாக இல்லையா?

ஆகவே எடையைச் சக்தியால் வகுத்துப் பிரியுங்கள், ஒரு குதிரைவலுவுக்கு எத்தனை கிலோ என்று. சக்தியை அளக்கிற டைனோ மெஷினுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கம்பனி சொன்ன சக்தியையே எடுத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் மாற்றியிருந்தால் மாற்றிய எஞ்சினுடைய சக்தியை எடுங்கள், அதற்கு எஞ்சின் இலக்கத்தை நேரில் பார்க்க வேண்டும், புத்தகத்தில் அல்ல. உங்களால் அளந்து பார்க்க முடியாததை விதியில் எழுதவே வேண்டாம். எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறக்கிற கம்ஷாஃப்டை எடுங்கள், "கம்ஷாஃப்ட் மாற்றக்கூடாது" என்று எழுதினால் யார் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது? ரயரின் அகலம் பக்கச் சுவரிலேயே இருக்கிறது, ரயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டுகிற டிரெட்வெயர் எண்ணும் பல ரயர்களில் அங்கேயே இருக்கும், குனிந்து வாசித்தால் போதும். அமெரிக்காவில் பல அமெச்சூர் ஓட்டங்களில் டிரெட்வெயர் 200க்குக் குறையக்கூடாது என்பதுதான் கோடு.

அளந்தாலும் ஏமாற்றுவார்கள் என்று ஒருவர் வருவார், வரட்டும். 1995இல் உலக ராலியில் ரொயோட்டா அணியே டேர்போவுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிற ரெஸ்ட்ரிக்டரில் வேலை செய்து பிடிபட்டு ஒரு வருடத் தடை வாங்கியது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பூட்டியதும் வேறு வழியால் காற்றுப் போகும். அதையும் பிடித்தார்கள்தானே?

நுவரெலியாவில் நடக்கிற மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம் மாதிரி ஒவ்வொருவராக நேரம் பார்த்து ஓடுவதென்றால் ஒவ்வொரு காருக்கும் ஒரு குணகம் வைத்து நேரத்தைப் பெருக்கலாம், அது வேறு கணக்கு. ஒன்றாக விட்டு ஓடுகிற போட்டிக்கு அது சரிவராது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் ஆக்கள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி ஊருக்கு ஊர் கலியாண மண்டபம் கட்டுகிறார்கள், அதில் பாதி வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. வடக்கில் பொடியள் ஓடிப் பழக ஒழுங்கான ஒரு தடம் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கீழே கருத்துப் பகுதியில் வந்து அதற்குச் சண்டை பிடிக்காதீர்கள்.

எடை போடுவதைப் பற்றி ஒன்று. இரும்புக் கடைத் தராசு பத்து, இருபது கிலோப் படியாகத்தான் காட்டும், அதனால் வகுப்புக் கோட்டில் அந்த அளவு விட்டுக்கொடுப்பு வையுங்கள். ஓடுவதற்கு முன் அல்ல, ஓடி முடிந்து வந்த கையோடு, ஓட்டினவர் உள்ளே இருக்கும்போதே ஏற்றுங்கள். டாங்கில் மிஞ்சிய பெற்றோலும் கணக்கில் சேருமா இல்லையா என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே எழுதிப் போடுங்கள்.