ஆறாத வாய்ப்புண்ணும் நடவுக்கூலியும்

வணக்கம் சகோதரி. தங்கள் தாயாரின் கன்னத்தின் உட்புறம் மூன்று மாதமாக ஆறாமலிருக்கும் புண்ணுக்கு மருத்துவர் சதைப் பரிசோதனை சொல்லியும், கூலி போய்விடும் என்று குறுவை நடவு முடியும்வரை அவர் தள்ளிப்போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப்போட வேண்டாம். புகையிலையை அடக்கும் இடத்திலேயே புண் இருப்பதால் வாய்ப்புற்றுநோயோ என்ற ஐயத்துக்கு இடமுண்டு. கத்தி பட்டால் பரவும் என்று திருத்துறைப்பூண்டியில் சொல்கிறார்களாமே, அது தவறு; மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

தொடக்கத்தில் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடக்கூடிய நோய், கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவிவிட்டால் கதிர்வீச்சையும் கேட்கும். அது ஏறத்தாழ ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். கூலிக் குடும்பங்களைப் பாதியில் நிறுத்தச் செய்வதில் மருந்துச் செலவைவிடப் பேருந்துக் கட்டணத்துக்கும் இழந்த கூலிக்குமே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. ஒரு நடவுக்கூலியைக் காக்கப்போய் ஒரு போகக் கூலியையே இழக்க நேரும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்துவிடுங்கள். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில், மருத்துவமனைச் சான்று காட்டினால், படுக்கை வகுப்பில் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு.