கரும்பு வெட்டியவரின் பேத்தி வேளாண்மை படிக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கும் ஐயாவுக்கும்,

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, அவளை மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது என்று கேட்க, ரோஸ்ஹில்லுக்கு என்னிடம் வந்தீர்கள். எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைத் தேர்வுக்கான பாடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டிய படிவம் நாலாக மடித்தபடி அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் பேசினோம், அதை வெளியே எடுக்கவே இல்லை. பெயரும் ஊரும் சொல்லாமல் எல்லாருக்கும் படிக்கும்படி எழுதலாம் என்று நீங்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். இதே படிவத்தை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கிற வீடுகள் இந்த மொரீஷியஸ் தீவில் நிறைய உண்டு.

பயப்படாதீர்கள், நல்ல பிள்ளை, நன்றாகப் படிக்கிறாள் என்று அன்றைக்கே சொன்னேன். ஆறுதல் அவ்வளவு போதும். இனி நேராகச் சொல்கிறேன்: இவளை மருத்துவம் படிக்க அனுப்பாதீர்கள்.

முதல் காரணம், அவளுக்கு அதில் மனம் இல்லை. மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "சரி, படிக்கிறேன்" என்றாள். இரண்டாவது காரணம் பணம். ஒரு தாளில் நாம் மூவரும் கணக்குப் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டில் ஆறு வருஷக் கட்டணம், விடுதி, சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது விமானம். நம் ரூபாயின் மதிப்பு குறையும்போதெல்லாம் அந்தக் கணக்கு ஏறும். வீட்டை வங்கியில் வைத்தால்தான் முடியும் என்று ஐயா சொன்னார். படித்துத் திரும்பிய பிறகு பயிற்சிக் காலம் இருக்கிறது. அதற்கப்புறம் அரசு வேலைக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிற இளம் டாக்டர்களை நீங்களே அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். தம்பி படிக்கிற நேரத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். இரண்டு பேரும் பேசவில்லை. அந்த மௌனம்தான் பதில். வீட்டுப் பத்திரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

டாக்டருக்குப் படிக்க வையுங்கள் என்று லண்டனில் இருக்கும் மாமா அன்போடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கடனில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை. ஆறு வருஷம் பிணவறையிலும் வார்டிலும் நிற்கப்போவதும் அவர் இல்லை. கணக்கியல், சட்டம், கம்ப்யூட்டர் என்று உங்கள் உறவினர்களே மற்ற வழிகளை எல்லாம் அடுக்கிவிட்டார்கள். அவற்றைப் பற்றி நான் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் யாரும் வாயே திறக்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் பந்தலில் மார்கோஸ், அதாவது பாகல், கொடி போட்டிருக்கிறீர்கள் அல்லவா? பிஞ்சாக இருக்கும்போதே பதினைந்து பாகற்காய்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டியிருக்கிறாள். பதினைந்தை அப்படியே விட்டிருக்கிறாள். ஒவ்வொரு காய்க்கும் ஒரு எண், கட்டிய தேதி, பறித்த தேதி. கட்டாததில் பதினொன்று உள்ளே புழுத்துப் போயிருந்தன. கட்டியதில் ஒன்றுதான், அதுவும் காகிதம் கிழிந்த காய். பக்கத்தில் பென்சிலால், அந்தப் புழுவுக்குக் காரணமான பழ ஈயின் படம். இறக்கையில் இருக்கிற பழுப்புப் பட்டைகூடச் சரியாக விழுந்திருந்தது. இதை யாரும் அவளுக்குப் பாடமாகக் கொடுக்கவில்லை. "டீச்சரிடம் காட்டினாயா?" என்று கேட்டேன். "அம்மாவிடமே காட்டவில்லை மிஸ்" என்றாள்.

ரெதுய்யில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகம் தொடங்கியது 1965இல். அதற்கு முன்பிருந்தே அங்கே வேளாண் கல்லூரி இருந்தது, அதை உள்ளே சேர்த்துக்கொண்டுதான் பல்கலைக்கழகமே வளர்ந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் 2019 முதல் கிடையாது. மாணவர்களுக்குப் பஸ்ஸும் 2005 முதல் இலவசம். மாமா சொன்ன ஆறு வருஷச் செலவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

வேளாண்மை என்றதும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது கரும்புக் காடும் வெட்டுக்கத்தியும். அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என் மாமியார் கையில் காய்ப்புப் பிடிக்கக் கரும்பு வெட்டியது, பேத்தி மறுபடி வயலில் இறங்கவா?" அந்த வலி எனக்கும் தெரியும், என் வீட்டுக் கதையும் அதுதான். அதனால் அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மகள் பந்தலில் பார்த்த அந்த ஈயின் இனம் ஒன்று போதும். பாகல், பீர்க்கு, சுரை, வெள்ளரி என்று கொடிக்காய் எதையும் அது விடாது. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். மேலே மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்கு எட்டாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஈயையே ஆயிரக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போது கதிர்வீச்சுக் கொடுத்து மலடாக்கி, தோட்டத்தில் விடுவது. காட்டுப் பெண் ஈ அந்த மலட்டு ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. நம் தீவிலும் ரெதுய்யில் இருக்கும் பூச்சியியல் பிரிவில் இதைச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1996இல் 'ஓரியண்டல்' பழ ஈ என்ற வேறொரு ஆசிய ஈ நம் தீவுக்குள் நுழைந்தது. மாம்பழத்திலிருந்து கொய்யா வரை எல்லாவற்றையும் அழிக்கிற ஈ அது. ஆண் ஈக்களை இழுக்கிற வாசனைப் பொருளோடு பூச்சிமருந்தைச் சேர்த்து மரக்கட்டைகளில் ஊறவைத்து ஊரெங்கும் தொங்கவிட்டார்கள், தூண்டில் உணவும் தெளித்தார்கள். 1999க்குள் அதைத் தீவிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். பிற்பாடு அது மறுபடி வந்தது, அது வேறு கதை. அந்த வாசனைப் பொருளின் பெயர் மெத்தில் யூஜினால். நம் வீட்டு வாசலில் வைத்துக் கும்பிடுகிறோமே, துளசி, அதிலும் அது இருக்கிறது. இதை நான் சொன்னபோது உங்கள் மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கரும்பையே எடுத்துக்கொள்வோம். 1953 முதல் ரெதுய்யில் சர்க்கரைத் தொழில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரும்புப் பூவிலிருந்து வரும் விதை தூசி போல இருக்கும். ஒரு கலப்பிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் கழித்துக் கழித்து, ஒரு ரகத்தை விவசாயி கையில் கொடுக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம்கூட ஆகும். பாட்டி காலத்து ஆட்கள் எம் 134/32 என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். எம் என்றால் மொரீஷியஸ், 32 என்றால் 1932ஆம் வருஷக் கலப்பு. பக்கத்து ரியூனியன் தீவுக்காரர்கள் உருவாக்கிய ஆர் 570 நம் வயல்களிலும் வளர்ந்த கரும்பு. அதன் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்து 2024இல் வெளியிட்டார்கள். பாட்டி கையில் கொடுத்த கரும்பு எது என்பதை அந்தக் காலத்தில் வேறு யாரோ முடிவு செய்தார்கள். இன்றைக்கு அதை முடிவு செய்கிற அறையில் உங்கள் மகள் உட்காரலாம்.

இது தவிர, வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதை, பழங்களைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சோதிக்கிற தாவரப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. தோட்டக்காரர்களிடம் போய் நோயைப் பார்த்து வழி சொல்கிற விரிவாக்க அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆந்தூரியம் பூச்செடியைத் திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டிலிருந்து ஆய்வகத்தில், பெருக்குகிறார்கள். உணவுத் தொழிற்சாலைகளும் பெரிய தோட்டக் கம்பெனிகளும் இருக்கின்றன. நாம் சாப்பிடுவதில் ஏறத்தாழ முக்கால் பங்கு கப்பலில் வருகிறது. அந்த நிலை இருக்கும்வரை இந்த அறிவு தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது. ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன்: அரசுப் பணியிடங்கள் குறைவு, பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று சொல்ல முடியாது, டாக்டர் அளவுக்குச் சம்பளமும் வராது. ஆனால் கடன் இல்லாமல் தொடங்குகிற சம்பளம் அது.

ஐயா கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெயிலில் நின்று கறுத்துப் போவாள், அப்புறம் யார் கட்டிக்கொள்வார்கள்?" இதற்கு நான் மரியாதைக்காகக்கூடத் தலையாட்ட மாட்டேன். தோல் நிறத்தை வைத்து ஒரு பெண்ணின் படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பேச்சு அவள் காதில் விழும்படி இனிமேல் வீட்டில் வரவே கூடாது.

"கன்னியர் கொலேஜில் இடம் கிடைக்க எவ்வளவு பாடுபட்டோம், அது இதற்கா?" என்றும் கேட்டீர்கள். நானும் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய அப்படி ஒரு மேல்நிலைப் பள்ளியில்தான் படித்தேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். லொரேட்டோ கன்னியர் இந்தத் தீவுக்கு வந்தது 1845இல். அவர்களுக்கெல்லாம் முன்னோடியான மேரி வார்ட், பெண்பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில், 1609இல், இன்று பிரான்சில் இருக்கும் சாந்தோமேர் நகரில் தன் சபையைத் தொடங்கினார். பெண்கள் இப்படி வெளியே வந்து வேலை செய்வதா என்று எதிர்ப்பு வந்து, 1631இல் அவருடைய சபையையே தடை செய்து, அவரையும் காவலில் வைத்தார்கள். ஒரு பெண்ணை உறவினர்கள் நினைத்த இடத்தில் உட்கார வைப்பதற்காக உருவான பள்ளி மரபு அல்ல அது.

உங்கள் மகள் அங்கே என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று பாருங்கள். காவடி விரதம் இருக்கும் நாட்களில் இடைவேளையில் பக்கத்தில் இருக்கும் தோழிகளும் மரக்கறிதான் கொண்டுவருகிறார்களாம். செப்டம்பரில் அவர்களோடு இவளும் பெர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் கல்லறைக்கு இரவு நடைப்பயணம் போகிறாள். காலைக் கூட்டத்தில் பிரெஞ்சில் பாடுகிறாள், தமிழ் வகுப்பில் திருக்குறள் ஒப்பிக்கிறாள், வீட்டில் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறாள். நாளைக்கு ஒரு தோட்டக்காரரிடம் கிரியோலில் பேசி, அதையே ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுத வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல தயாரிப்பு வேறு என்ன?

சரி, படிவத்துக்கு வருவோம். முதன்மைப் பாடங்கள் உயிரியல், வேதியியல், புவியியல். துணைப் பாடம் தமிழ், அதை எடுக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது அது. ஜெனரல் பேப்பர் என்னும் ஆங்கிலப் பொதுத் தாள் எப்படியும் உண்டு. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் சனிக்கிழமை லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, முன்பணம் கட்டியிருக்கிறீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் நிறுத்துங்கள். வேதியியலுக்கு ஒன்று போதும். மற்றச் சனிக்கிழமைகள் அவள் பந்தலுக்கு.

கேம்பிரிட்ஜ் நடத்தும் எச்.எஸ்.சி. உயிரியல் தேர்வில் செய்முறைத் தாள் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்ததைப் பார்த்தபடி வரைய வேண்டும், அளக்க வேண்டும், பிழை எங்கே வரும் என்று எழுத வேண்டும். லெசோனில் குறிப்பை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் திணறுவது இங்கேதான். இவள் ஏற்கெனவே அதைத்தான் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருக்கிறாள். அந்த நோட்டை உயிரியல் ஆசிரியையிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். பள்ளி வளாகத்தில் ஒரு மூலையில் நான்கு பாத்தி போட அனுமதி கேட்கவும் சொல்லியிருக்கிறேன். கேட்டால் கொடுப்பார்கள்.

முதலில் நீங்கள் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள், அம்மா. பச்சை அட்டை, மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். பார்த்த பிறகு படிவத்தை அவளிடமே கொடுத்து, பாடங்களின் பெயரை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மாமாவின் நம்பரை எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே அவரிடம் பேசுகிறேன்.