கூகைப் பெட்டியும் ஆங்கிலத்து விசித்திரங்களும்

தம்பி, பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆன நிலையில் நீங்கள் அனுப்பிய கேள்வியைப் படித்தேன். எண்ணெயின் அமில அளவு ஒருநாள் திடீரென்று ஏறியிருந்ததை நீங்கள் குறிப்பேட்டில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று எழுத, மேலாளர் அதைச் சிவப்பு மையால் அடித்து ‘அப்நார்மல்’ என்று மாற்றியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பிக்யூலியர், அன்யூஷுவல், அப்நார்மல் ஆகிய ஆறுக்கும் ‘விசித்திரமான’, ‘வழக்கத்துக்கு மாறான’ என்றே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது என்று கேட்கிறீர்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு வந்து எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சொற்களால் நான் தலைகுனிந்து நின்ற நாள்கள் சில உண்டு என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் பொருளைப் பற்றிச் சொல்வதோடு, சொல்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். அதை அகராதி எழுதுவதில்லை. வந்த புதிதில் ஒரு மாலை, தோட்டத்துக்குள் கம்பத்தின்மேல் ஒரு மரப்பெட்டியையும், அதன் வாயில் வெள்ளை முகத்தோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூகையையும் கண்டேன். நம் ஊரில் கூகை கூரைமேல் வந்து அமர்ந்தாலே பெரியவர்களின் முகம் வாடிப்போகும். இங்கே அதற்கு வீடு கட்டிக் குடிவைத்திருக்கிறார்களே என்று திகைத்து, உடன் வந்த உதவி மேலாளரிடம் ‘வெரி அன்யூஷுவல்’ என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தடுத்த நிரைகளில் நின்ற பெட்டிகளைக் காட்டினார். செம்பனைப் பழத்தைக் கடித்துப் பாழாக்கும் எலிகளைப் பிடிப்பதற்காக மலேசியத் தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்யூஷுவல் என்றால் அந்த இடத்தில் அடிக்கடி நடக்காதது. கணக்கு மட்டுமே அதில் இருக்கிறது, குற்றம் சொல்லும் தொனி இல்லை. அந்தக் கூகை எனக்கு ஸ்ட்ரேஞ்ச். தோட்டத்துக்கு அன்யூஷுவல் அல்ல.

ஸ்ட்ரேஞ்ச் என்ற சொல்லின் வேர் ‘வெளியிலிருந்து வந்த’, ‘அயலான’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முன்பின் அறியாதவரை ஸ்ட்ரேஞ்சர் என்பதும் அதனால்தான். நீங்கள் இங்கே கடைத்தெருவில் மலாய் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பீர்கள். ‘ஓராங் ஆசிங்’ என்று வெளிநாட்டாரைச் சொல்கிறார்களே, அந்த ‘ஆசிங்’ ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே ஒன்றை ஸ்ட்ரேஞ்ச் என்னும்போது, ‘இது எனக்குப் பிடிபடவில்லை’ என்று உங்களைப் பற்றியே வாக்குமூலம் கொடுக்கிறீர்கள். உங்கள் மேலாளருக்கு அந்த வாக்குமூலம் தேவைப்படவில்லை. (உண்மையில், இந்த ஊரில் முதல் ஆண்டு முழுவதும் ஸ்ட்ரேஞ்சாக இருந்தது நானே ஒழிய ஊர் அல்ல.)

அவர் ஏன் அப்நார்மல் என்று திருத்தினார் என்பதற்கு வருவோம். நார்ம் என்பதன் மூலச் சொல் இலத்தீனில் தச்சரின் மூலைமட்டத்தைக் குறித்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, அதிலிருந்து விலகியிருப்பதையே அப்நார்மல் என்கிறோம்; அதாவது ஓர் அளவுகோல் முன்பே இருந்தாக வேண்டும். கச்சா செம்பனை எண்ணெய் விற்பனையில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான ஒப்பந்த வரம்பு. கனிந்து விழுந்த பழமும் அடிபட்ட பழமும் ஆலையில் வேகவைக்கப்படாமல் காத்துக் கிடந்தால் அந்த அளவு ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். காரணம் தெரிந்த, வரம்பு வகுத்த ஒன்றைப் போய் ஸ்ட்ரேஞ்ச் என்று எழுதியதால்தான் சிவப்பு மை வந்தது. நாற்றங்காலிலும் இதே சொல் நாள்தோறும் புழங்குகிறது. குட்டையாகவோ இலை சுருண்டோ வளரும் நாற்றுகளை அப்நார்மல் என்று பிரித்துக் கழித்துவிடுவார்கள். இயந்திரத்தின் சத்தத்தை அன்யூஷுவல் என்று எழுதினால் ‘இதுவரை கேட்டதில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று பொருள். அப்நார்மல் என்று எழுதினால் ஃபிட்டர் ஸ்பேனரோடு வந்துவிடுவார். ஆனால் இந்தச் சொல்லை மனிதர்மேல், அதிலும் ஒருவருடைய குழந்தையின்மேல், ஒருபோதும் வைத்துவிடாதீர்கள். நாற்றைக் கழிப்பதுபோல் ஆளைக் கழித்தது போலாகிவிடும்.

ஆட் என்பதற்கு மலாய்தான் எனக்கு ஆசான். ஒற்றைப்படை எண்ணை மலாயில் ‘கஞ்சில்’ என்பார்கள். பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்பதையும் கஞ்சில் என்றே சொல்வார்கள். ஆங்கிலத்து ஆட் அப்படியே இதன் உடன்பிறப்பு: சோடி சேர்த்தபின் மிஞ்சி நிற்கும் ஒன்று. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயத்து வாசலில் கிடக்கும் சோடியில்லாத ஒற்றைச் செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆட். இருபத்துச் சொச்சம் டன் குலை வந்தது என்கிறோமே, அந்தச் சொச்சத்துக்கும் ஆங்கிலத்தில் ஆட்தான். தோட்டத்துச் சில்லறை வேலைகளை ஆட் ஜாப் என்பதும் அப்படி வந்ததே. ஒன்பது அளவுகள் ஒத்துப்போய்ப் பத்தாவது மட்டும் ஒத்துவராதபோது, அது வரம்புக்குள்ளேயே இருந்தாலும், ஆட் என்று எழுதுங்கள்.

பிக்யூலியர்தான் என்னை நன்றாகக் கவிழ்த்தது. ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர் ஒருவருக்கு எல்லாரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டையில், அவருடைய தனித்திறனைப் பாராட்டுவதாக நினைத்து ‘யுவர் பிக்யூலியர் டேலண்ட்’ என்று எழுதினேன். அவர் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிழை முழுக்க என்னுடையதும் அல்ல. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது கால்நடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். கால்நடையிலிருந்து சொந்த உடைமை என்ற பொருளும், அதிலிருந்து ‘அவருக்கே உரிய’ என்ற பொருளும் வந்தன. மாடு என்றால் செல்வம் என்பது நமக்குப் புதிதல்ல. கல்வியைத் தவிர மற்றவை ‘மாடல்ல’ என்று குறள் சொல்வதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை: ‘பிக்யூலியர் டு’ என்று ‘டு’ சேர்த்தால் ‘இதற்கே உரியது’ என்றுதான் பொருள், அதில் இழிவு இல்லை. ‘டு’ இல்லாமல் தனியே நின்றால் ‘ஒரு மாதிரியான ஆள்’ என்று நாம் இழுத்துச் சொல்வதன் வாடை அடிக்கும். ஒருவரைப் பாராட்டும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

வியர்ட் எழுத்து வேலைக்கு உதவாது. பழைய ஆங்கிலத்தில் அது விதியைக் குறித்த பெயர்ச்சொல். ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு அந்த அடைமொழி இருப்பது அதனால்தான். இன்று பேச்சில் மலிந்துவிட்டாலும், சற்றே உடல் கூசும் உணர்ச்சி அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மலாய் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் புளிக்கவைத்த டுரியானாகிய தெம்போயாக்கில் சமைத்த மீன்குழம்பை முதன்முறை வாயில் வைத்துவிட்டு நான் ‘வியர்ட்’ என்றேன். அவருடைய தாயார் அந்த ஒரு சொல்லை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார். அன்யூஷுவல் என்றிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி கேட்டிருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும். இப்போது எனக்கு அது இல்லாமல் மீன் இறங்குவதில்லை என்பது வேறு கதை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் நடுவே இருக்கும் சாய்ந்த கோபுரத்தைப் போய்ப் பாருங்கள். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் கட்டுமானர் எழுப்பியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு. உள்ளே ஏறினால் மூன்றே மாடி. ஒரு கோபுரம் சாய்ந்து நிற்பது அன்யூஷுவல். எட்டு அடுக்குக்கு மூன்று மாடி என்பது கணக்கில் ஒட்டாததால் ஆட். பார்த்தே இராத உங்களுக்கு முதல் ஐந்து நிமிடம் ஸ்ட்ரேஞ்ச். தூக்குநூல் பிடித்துப் பார்க்கும் கொத்தனாருக்கு அதன் சாய்வு அப்நார்மல். வியர்ட் என்று உள்ளூர்க்காரர் காதுபடச் சொல்லாதீர்கள்.

மற்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. யுனீக் என்றால் ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் ‘வெரி’ போட்டால் கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள். ரேர் நம்முடைய ‘அரிய’. மதிப்பும் சேர்ந்தே வரும். எக்சென்ட்ரிக் என்பதைப் பட்டறையில் மையம் விலகிச் சுழலும் தண்டுக்குச் சொல்வார்கள். மனிதருக்குச் சொன்னால் போக்கு விலகியவர் என்று பொருள், ஆனால் வசதியுள்ளவரைத்தான் அப்படிச் சொல்வார்கள், ஏழைக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பழைய இலக்கணப் புத்தகங்களில் இதே வரிசையில் வரும் ‘க்வியர்’ இன்று மாற்றுப் பாலினத்தவரும் தன்பால் ஈர்ப்பினரும் தங்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. விசித்திரம் என்ற பொருளில் அதை எழுத வேண்டாம்.

இன்னும் ஒன்று. இரவுப் பணியில் ஃபோர்மன் வந்து ‘பம்ப் சவுண்ட் ஃபன்னி’ என்றால், அது வேடிக்கை அல்ல, சத்தம் சரியில்லை என்று பொருள்; நான் செய்ததுபோல் உடன் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள், ஃபிட்டரை எழுப்புங்கள்.