மலையில் நிலம் வாங்க யார் உதவி வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் தரகர் இல்லாமல், உரிமையாளரிடமே ஒரு ஏக்கர் வாங்க வக்கீல் தேவையா, பத்திர எழுத்தர் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பத்திரத்தை அவர் எழுதித் தருவார். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று அலசுவது வக்கீல் வேலை. நீலகிரியிலேயே நில வழக்கு பார்ப்பவராகப் பிடியுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றையும் அவர் ஒத்துப் பார்க்கட்டும். கூடலூர் என்றால், 1969 ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் செக்சன் 17-இல் வரும், உரிமை தீராத குத்தகைத் தோட்ட நிலமா என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் சர்வேயர். இங்கே ஓடையும் சரிவும் எல்லையைக் குழப்பும். அண்ணன் வாங்கவிருந்த தேயிலைத் தோட்டத்தில் புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை காட்டும் வரைபடம்) விரித்து அளந்தோம்; கீழ்வரிசை சில்வர் ஓக் மரங்கள் அத்தனையும் பக்கத்து சர்வே எண்ணில் நின்றன! முன்பணம் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.