டிஸ்க் விவரங்களைக் கெர்னலிடமே கேட்டுக்கொள்ளலாம்: கேள்வி பதில்

லினக்ஸில் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி விவரங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கான பதில்கள். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.

கேள்வி: சார், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்ட் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமலே ஓடுகிறதே, டிஸ்க்கை எப்படிப் படிக்கிறது?

பதில்: டிஸ்க்கை அது தொடுவதே இல்லை. டிஸ்க்கை மாட்டியதுமே டிரைவர் எல்லாவற்றையும் விசாரித்துக் கெர்னலில் வைத்துவிடும். அதைத்தான் கெர்னல் 'சிஸ்' (/sys) கோப்பகத்தில் கோப்புகளாகக் காட்டுகிறது. 2003-இல் வந்த கெர்னல் 2.6 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கோப்புகள் எந்த டிஸ்க்கிலும் கிடையாது. நீங்கள் திறந்து படிக்கும்போது கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் ஓடிப் பதிலை எழுதித் தருகிறது. யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்), ஃபைல் சிஸ்டம் வகை மட்டும், சாதனங்கள் வந்துபோவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற புரோகிராம் சேர்த்து வைத்ததிலிருந்து வரும்.

கேள்வி: 'சிஸ்' கோப்பகத்தில் டிஸ்க்கின் 'சைஸ்' கோப்பில் உள்ள எண்ணை 4096-ஆல் பெருக்கினேன். என் 4 டிபி டிஸ்க் 32 டிபி என்று வருகிறது! செக்டர் (டிஸ்க் ஒரு தடவையில் கையாளும் துண்டு) அளவு 4096 பைட் என்றுதான் பக்கத்துக் கோப்பு சொல்கிறது.

பதில்: 512-ஆல் பெருக்குங்கள். டிஸ்க்கின் செக்டர் எதுவாக இருந்தாலும் அந்தக் கோப்பு எப்போதும் 512 பைட் கணக்கில்தான் பேசும். 1 டிபி டிஸ்க்கில் 1953525168 என்று இருக்கும். பெருக்கினால் ஒரு லட்சம் கோடி பைட்டும் கொஞ்சமும் வரும். நீங்கள் பார்த்த 'லாஜிக்கல் பிளாக் சைஸ்' கோப்பு வேறு வேலைக்கு: டிஸ்க்குடன் பேசும்போது குறைந்தபட்சம் எவ்வளவு எழுத முடியும் என்பதற்கு.

கேள்வி: அண்ணா, யூஎஸ்பி பெட்டியில் போட்ட எஸ்எஸ்டிக்கு 'ரொட்டேஷனல்' (சுழலும் டிஸ்க்கா என்று சொல்லும்) கோப்பு 1 என்று காட்டுகிறது. சுழல என்ன இருக்கிறது அதில்?

பதில்: ஒன்றுமில்லை தம்பி. நடுவில் இருக்கும் யூஎஸ்பி சிப் அந்தத் தகவலைக் கடத்தவில்லை. பதில் வராவிட்டால் சுழலும் டிஸ்க் என்றே கெர்னல் வைத்துக்கொள்ளும். கெர்னல் சொல்வது டிஸ்க் சொன்னதைத்தான், அதுவும் வழியில் தொலையாமல் வந்தால். ரூட்டாக அந்தக் கோப்பில் 0 எழுதலாம். கழற்றி மாட்டினால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் யூடெவ் விதி எழுதுங்கள்.

கேள்வி: எந்த சாட்டா (SATA) டிஸ்க்கைப் போட்டாலும் 'வெண்டர்' (தயாரிப்பாளர்) கோப்பில் 'ஏடிஏ' என்றே இருக்கிறது. பழுதா?

பதில்: இல்லை. சாட்டா டிஸ்க்கை ஸ்கஸி (SCSI, டிஸ்க்குடன் பேசும் இன்னொரு முறை) வேடத்தில் காட்டுவது கெர்னலில் உள்ள லிப்ஏடிஏவின் வேலை. அந்த வேடத்தில் வெண்டருக்கு 8 எழுத்து, மாடலுக்கு 16 எழுத்துதான் இடம். நீளமான மாடல் பெயரின் வால் வெட்டுப்படுவதும் இதனால்தான்.

கேள்வி: சொந்தமாக ஒரு பிளாக் டிரைவர் (டிஸ்க் போன்ற சாதனங்களுக்கான டிரைவர்) எழுதுகிறேன். எல்லா விவரத்தையும் ஒரே கோப்பில் அட்டவணையாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது சிஸ்எஃப்எஸ் (அதாவது 'சிஸ்' கோப்பகத்தின்) விதி. டிஸ்க்கின் படிப்பு, எழுத்துக் கணக்கைக் காட்டும் 'ஸ்டாட்' கோப்பு ஒரே வரியில் 17 எண்களைக் கொட்டுகிறதே என்பீர்கள். அது பழைய விதிவிலக்கு, முன்மாதிரி அல்ல. டீபக் (பிழை தேடும்) விவரங்களை அதற்கென்றே உள்ள டீபக்எஃப்எஸ்ஸில் போடுங்கள். சிஸ்ஸில் வைத்த கோப்பை யாராவது ஸ்கிரிப்ட்டில் நம்பிவிட்டால் பிறகு பெயரைக்கூட மாற்ற முடியாது.

இன்னொன்று: டிஸ்க்கைப் பதிவு செய்த பிறகு கோப்புகளைத் தனியாகச் சேர்க்காதீர்கள். 'டிஸ்க் வந்துவிட்டது' என்ற செய்தி அதற்குள் யூடெவுக்குப் போயிருக்கும், அது வந்து பார்க்கும்போது உங்கள் கோப்பு இருக்காது. பத்து முறையில் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் இந்தப் பிழையைத் தேடுவது பெரும் இம்சை. கோப்புகளை ஆட்ரிபியூட் குரூப்பாக (ஒரே தொகுப்பாக) டிஸ்க்கைப் பதிவு செய்யும்போதே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாட்டா டிஸ்க்கின் வெப்பநிலையும் இங்கே கிடைக்குமா?

பதில்: கெர்னல் 5.6 பதிப்பு முதல் 'டிரைவ்டெம்ப்' மாட்யூல் இருக்கிறது. ஏற்றினால், 'சிஸ்'ஸில் சென்சார் அளவுகள் இருக்கும் ஹெச்டபிள்யூமான் (hwmon) கோப்பகத்தில் வரும். 38000 என்று கண்டால் பதறாதீர்கள், டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு அது; 38 டிகிரி செல்சியஸ்தான்.